மணலில் எழுதிய எழுத்து

நிலையில்லாத காரியத்துக்கு உவமை சொல்ல வேண்டுமானால், நீரின்மேல் எழுத்து என்பார்கள். மணல் வீடு என்பார்கள். ஆனால் மணலின்மேல் எழுதிய எழுத்தைப் பற்றி அப்படி அலட்சியமாகப் பேசிவிட முடியாது. விரலால் எழுதி, உள்ளங்கையால் அழித்து, மறுபடியும் எழுதின அந்த எழுத்து இந்த நாட்டில் பல நூறு ஆண்டுகள் நிலைத்திருந்தது. அது மட்டுமா? கப்பல் ஏறிச் சீமைக்கும் போயிற்று. அங்கே ஒரு பாதிரியாருக்குப் பெரும் புகழையும், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திலே ஒரு கல்லறையையும் சம்பாதித்துக் கொடுத்தது. எழுதியவர்கள் ஐந்து வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது.

1623-ஆம் ஆண்டின் கடைசியில் பியெத்ரோ தெல்லா வல்லே என்ற ரோமாபுரிப் பிரபு ஒருவர், மேற்கு மலைத்தொடரைக் கடந்து இக்கேரி நாயக்கருடைய ராஜ்யத்துக்குப் போய்க் கொண்டிருந்தார். வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் நாலு சிறுவர்கள் கணக்குப் பாடம் படிப்பதைக் கண்டு நின்றுவிட்டார். தரையில் மெல்லிய மணலைத் தூவியிருந்தார்கள். ஒருவன் பாடத்தில் ஒரு பகுதியை ராகம் போட்டுச் சொல்லிக் கொண்டே மணலில் விரலால் எழுதினான். மற்றவர்களும் அதே ராகத்தில் சொல்லி, அதையே எழுதினார்கள். தரை நிறைந்து போனதும் அழித்துவிட்டுப் புது மணல் தூவினார்கள். வாத்தியாரைக் காணோம். "பாடம் மறந்து போனால் யாரைக் கேட்பீர்கள்? தப்பு வந்தால் யார் திருத்துவார்கள்?" என்று பிரபு விசாரித்தார். "நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்வோம். நாலு பேருக்கும் ஒரே இடத்திலா மறந்து போகும்?" என்பது பையன்கள் சொன்ன பதிலின் சாரம். அந்தப் பதிலில் இருந்த நியாயம் பிரபுவுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. தம் பிரயாணக் கடிதத்தில் அதை மறக்காமல் எழுதி வைத்தார்.

இதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர்க்காரர். 1787-ல் இங்கே வந்தார். வந்த கொஞ்ச காலத்திலேயே பல பட்டாளங்களுக்கு ஒரே சமயத்தில் குருவாக நியமனம் பெற்றார். அவற்றில் பெரும்பாலானவை வேலை இல்லாமல் சம்பளம் மட்டும் வருகிற உத்தியோகங்கள். 1789-ல் எழும்பூரில் பட்டாளத்து அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை ஏற்படுத்தியபோது, அதன் மேற்பார்வையை அவர் ஒப்புக் கொண்டார். அதற்குக் கொடுக்க முன்வந்த சம்பளத்தை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். மற்ற இடத்தில் வாங்கியதையும் இங்கே வாங்காததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதரைச் சரியாக எடை போட முடியும்.

விடுதியில் இருந்த பிள்ளைகள் வெள்ளைக்காரச் சிப்பாய்களுடைய புத்திரர்கள். பெரும்பாலோருக்குத் தாய் இந்த நாட்டவள். சம்பளத்துக்கு வந்த உபாத்தியாயர்களுக்கோ பாடம் சொல்லும் முறையில் ஒரு சிறு மாறுதலைக்கூடச் சகிக்க முடியவில்லை. அரிச்சுவடி வகுப்பு மாதக் கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது. இந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை, பெல் பாதிரியார் குதிரைச் சவாரி போகையில், ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கடந்து போனாராம். (அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குத் தமிழர்களும் 'மலபார்'கள்தாம்.) பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவிக் கொண்டு பாதிரியார் குதிரையைத் திருப்பி விரட்டினார் என்று அவருடைய சரித்திரத்தில் சொல்லியிருக்கிறது. கூவினாரோ இல்லையோ, விடுதிக்குத் திரும்பியதும் அரிச்சுவடி வகுப்புக்கு மணல் கொண்டுவரச் சொன்னது நிஜம்.

கீழ் வகுப்பு உபாத்தியாயர், இது நடக்கிற காரியம் இல்லை என்று சாதித்தார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனைக் கூப்பிட்டு வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவனுக்கு வயது எட்டு இருக்கும். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரிய மனிதர் முடியாது என்றதைப் பையன் செய்து காட்டினான். வரவர மற்ற வகுப்புகளிலும் மூத்த பையன்களே இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி ஆயிற்று. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை எழும்பூரில் கால்சட்டை போட்டுக் கொண்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள்!

மணலில் அப்படி என்ன இருக்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

புத்தகத்தில் அச்சிட்ட எழுத்தைக் குழந்தை பார்க்கத்தான் முடியும். மணலிலோ எழுத்தை அது உண்டாக்குகிறது. 'அனா' என்று வாய் சொல்லும்போதே விரல் சுழித்துக் கொண்டு போகிறது. எங்கே தொடங்கி, எங்கே வளைந்து, எங்கே நிற்பது என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது. காது கேட்கிறது, கண் பார்க்கிறது. நாலு வழியாக ஒரே எழுத்து உள்ளே போகிறது. தப்பினால் தண்டனை இல்லை. ஒரு தடவு தடவினால் பலகை சுத்தம். காகிதத்தில் பத்துத் தடவை எழுதினால் பத்துத் தப்பும் பல்லை இளித்துக் கொண்டு நிற்கும். மணலில் நூறு தடவை எழுதலாம். கடைசியில் சரியாக வந்ததுதான் மிச்சம். 2005-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் சிலரை எழுத்துக்களைக் கையால் எழுதவும், சிலரைத் தட்டச்சுப் பொறியில் தட்டவும் பழக்கிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குள் சற்றுப் பெரியவர்களில், கையால் எழுதியவர்களே எழுத்தை நன்றாக அடையாளம் கண்டார்களாம். திண்ணை வாத்தியார் இதைக் கேட்டிருந்தால், இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று வெற்றிலையை மடித்திருப்பார்.

எழுத்துத் தெரிந்தால் மட்டும் படிக்க வந்துவிடாது. முதல் புத்தகத்தை வைத்துக் கொண்டு திணறும் குழந்தையைக் கவனியுங்கள். 'ம... ர... ம்... மரம்' என்று மூச்சு வாங்க ஒரு சொல்லை முடிக்கிறது. அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் முதல் சொல் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. வாக்கியம் முடிந்ததும், என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறது. குழந்தை மந்தம் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். மந்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இருக்கிற கவனம் முழுவதும் எழுத்தைக் கூட்டுவதிலேயே செலவாகிவிட்டது. அர்த்தத்துக்குக் கொடுக்க மிச்சம் இல்லை, அவ்வளவுதான். சமையலறையில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக் கொண்டே ஊர் வம்பு பேசுகிறாள். கை தானாக நடக்கிறது. புதிதாக அரிவாள்மணையில் உட்கார்ந்த பெண்ணால் பேச முடிகிறதா? 1974-ல் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த லாபெர்ஜ், சாமுவெல்ஸ் என்ற இரு உளநூல் அறிஞர்கள் இந்தச் சங்கதியைத்தான் சாஸ்திர ரீதியாக விளக்கினார்கள். எழுத்தை அறிவது கவனத்தைக் கேளாமல் தானே நடக்கும் அளவுக்குப் பழக வேண்டும். அப்போதுதான் மனம் அர்த்தத்தில் செல்லும் என்றார்கள். அதற்கு வழி? 1979-ல் சாமுவெல்ஸ் எழுதியது: ஒரு சிறு பகுதியைத் தடங்கலில்லாமல் வரும் வரையில் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்யுங்கள். ஒரு பகுதியை அப்படி முடித்த பிள்ளை, புதிய பகுதியையும் முன்னைவிடச் சரளமாகத் தொடங்குவதை அவர் கண்டிருந்தார்.

திரும்பத் திரும்பச் சொல்லும் வித்தை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதல்ல. விடியற்காலையில் பாடத்தை முறை சொல்வதில் தொடங்கி, சாயங்காலம் சட்டாம்பிள்ளை ஓரடி சொல்ல எல்லாரும் கூச்சலாகத் திருப்பிச் சொல்வது வரையில் அங்கே இதே காரியந்தான். இதை மனப்பாடம், உருப்போடுதல் என்று இழிவாகப் பேசுவது நூறு ஆண்டுகளுக்கு மேலாக நமக்குப் பழகிவிட்டது. இழிவாகப் பேசுகிறவர்கள் பழைய ஏட்டுச் சுவடி ஒன்றைக் கையில் எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இரட்டைச் சுழி போட்டு வேறுபாடு செய்த பிறகும், அது ஏட்டுக்கெல்லாம் ஒரே நாளில் ஏறிவிடவில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். 'கொடு' என்பதா, 'கோடு' என்பதா? சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. இப்படிப்பட்ட எழுத்தை வெறுமே கூட்டிப் படிப்பது ஆகாத காரியம். பாட்டு முன்பே நாவில் இருக்க வேண்டும். ஏட்டைப் பார்க்கும்போது, நாவில் இருப்பதைக் கண் அடையாளம் கண்டு கொள்ள வேண்டும். அப்படி நூறு பாட்டை அடையாளம் கண்ட பிள்ளைக்கு நூற்றோராவது பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் வரும். ஆத்திசூடியையும் மூதுரையையும் முதலில் உருப்போட வைத்தது வாத்தியாருடைய சோம்பேறித்தனத்தால் அல்ல, ஏட்டின் இயல்பினால்.

ஆனாலும் ஒரு குறையை மறைக்கக் கூடாது. 1823-ல் பல்லாரி ஜில்லாக் கலெக்டராக இருந்த காம்ப்பெல் துரை தம் ஜில்லாப் பள்ளிக்கூடங்களைப் பற்றி மேலே எழுதிய அறிக்கை மிகவும் சுவாரஸ்யமானது. குழந்தை எழுத்தை முதலில் மணலில் எழுதியே கற்கிறது. ஐரோப்பாவில் போல நெடுங்கணக்கை வாயால் ஒப்பிப்பதில் தொடங்குவதில்லை என்பதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருகிறவனுக்கு ஒரு சுழி, அதாவது புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு ஓர் அடி, நாலாவது ஆளுக்கு இரண்டு, அப்புறம் ஆளுக்கு ஒன்று கூடுதல் என்பதையும் எழுதியிருக்கிறார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித் தரும் ஏற்பாடு போற்றத் தக்கது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது நியாயமே என்றும் சொல்கிறார். அதே மூச்சில், பிள்ளைகள் நெட்டுருப் போட்ட செய்யுள்களில் ஒன்றுக்குக்கூட அவர்களுக்கு அர்த்தம் தெரியாது, கிளிக்குத் தெரிகிற அளவுதான் என்றும் அடித்துச் சொல்லிவிடுகிறார். செய்யுளின் பாஷை வேறு, வீட்டில் பேசுகிற பாஷை வேறு. அர்த்தம் சொல்ல உபாத்தியாயருக்கே பல சமயம் தெரியாது.

துரை சொன்னது சரிதான். 'ஹரி நமோத்து சிந்தம்' என்று தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கத்தினார்களே, சிந்தம் என்றால் என்ன என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பயிற்சி கண்ணையும் நாவையும் பழக்கும். அர்த்தத்துக்கு வாசலைத் திறந்து விடும். வாசலுக்கு அப்பால் கையைப் பிடித்து அழைத்துப் போக ஒருவர் வேண்டும். பல திண்ணைகளில் அந்த ஒருவர் இல்லை.

சீமையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1796-ல் பெல் பாதிரியார் பெரும் பொருளுடன் ஊர் திரும்பினார். மறு ஆண்டு லண்டனில் எழும்பூர்ச் சோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். 1798-ல் லண்டனில் ஆல்ட்கேட் தர்மப் பள்ளிக்கூடத்தில் அந்த முறை நுழைந்தது. அதே ஆண்டில் ஜோஸப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் இதே மாதிரி பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று இருவருடைய கட்சிக்காரர்களும் ஆண்டுக் கணக்கில் சண்டையிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம்; மாற்றுச் சபையினர் லங்காஸ்டர் பக்கம். கவிஞர்கள் வர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் ஸதேயும் பெல்லுக்கு வக்காலத்து வாங்கினார்கள். திண்ணை வாத்தியாருக்கு வக்காலத்து வாங்க அங்கே ஆள் இல்லை. 1811-ல் திருச்சபையார் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். 1832-ல் பெல் காலமானபோது 'மெட்ராஸ் முறை'யில் நடந்த பள்ளிக்கூடங்கள் 12,000-க்கு மேல்.

இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் கல்வி மோகம் என்று நினைத்துவிடாதீர்கள். செலவு குறைவு என்பதுதான் காரணம். ஒரே வாத்தியார் சம்பளத்தில் ஐந்நூறு பிள்ளைகள், ஆயிரம் பிள்ளைகள் என்று லங்காஸ்டர் பெருமையடித்துக் கொண்டார். பல்லாரியில் பள்ளிக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு பிள்ளைகள். வாத்தியாருக்கு ஒவ்வொருவனுடைய குரலும் கையெழுத்தும் தெரியும். லண்டன் கொட்டகையில் பத்து வயதுச் சட்டாம்பிள்ளைக்கு மேலே ஆள் இருப்பதே குழந்தைக்குத் தெரியாது. அங்கே வந்த ஏழைப் பிள்ளைகளில் பலர் ஒன்றிரண்டு ஆண்டில் பள்ளியை விட்டு ஆலைக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டார்கள். எழுத்தைக் கூட்டத் தெரியும், வாசிக்கத் தெரியாது என்ற நிலையிலேயே படிப்பு நின்றது. மணல் மலிவு, சட்டாம்பிள்ளையும் மலிவு. பிள்ளையின் காலம் மலிவல்ல. அதை யாரும் கணக்கில் எடுத்துக் கொள்ளவில்லை. 1846-ல் இங்கிலாந்து அரசாங்கம், பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது; மெட்ராஸ் முறையின் மவுசு குறையத் தொடங்கியது.

இங்கே, கடன் வாங்கியதை ஒப்புக் கொள்ளும் நேர்மை கும்பெனி டைரக்டர்களுக்கு இருந்தது. இந்தியக் கிராம ஆசிரியர்களுடைய முறையை இங்கிலாந்து ஏற்றுக் கொண்டதே அதற்குப் பெரிய மரியாதை என்று 1814-ல் எழுதி அனுப்பினார்கள். 1822-ல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லா ஜில்லாவாகப் பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னார். 1826 மார்ச்சு 10-ல் அவர் எழுதிய குறிப்பின்படி, ராஜதானியில் 12,850,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிக்கூடங்கள்; ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒன்று. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால், பள்ளி வயதுச் சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு எழுத்து வாசனை உண்டு என்று அவர் மதிப்பிட்டார். 1983-ல் தரம்பால் இந்தப் பழைய காகிதங்களைத் திரட்டி வெளியிட்டபோது, தமிழ் ஜில்லாக்களின் பள்ளிகளில் பெரும்பாலோர் பிராமணரல்லாத பிள்ளைகளே என்று கண்டு பலர் ஆச்சரியப்பட்டார்கள். பெருமைப்பட்டவர்களும் உண்டு.

பெருமைப்படலாம், ஆனால் கணக்கை முழுவதும் படித்துவிட்டுப் பெருமைப்பட வேண்டும். பல்லாரி ஜில்லாவில் 533 பள்ளிக்கூடங்கள், 6,641 பிள்ளைகள். அவர்களில் பெண்கள் அறுபது பேர். ஒன்பது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஜில்லாவில் அறுபது பெண்கள்! சேரியில் பிறந்த பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறவே பெரும்பாலும் இடமில்லை. இந்த ஊரில் மணலுக்கா பஞ்சம்? ஆற்றங்கரையெல்லாம் மணல்தான். அதில் ஓர் எழுத்தைச் சுழித்துக் காட்ட ஒரு விரல் கிடைக்கவில்லை அவர்களுக்கு.

கிடைத்தவர்களுக்கும் கை நழுவிக் கொண்டிருந்தது. காம்ப்பெல் துரை அறிக்கையில் நெஞ்சில் தைக்கிற பகுதி இதுதான். முன்பு பள்ளிக்கூடம் இருந்த பல கிராமங்களில் இப்போது இல்லை என்கிறார். சீமைத் துணி வந்து நெசவுக்காரருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டது. வாத்தியாருக்குக் கொடுக்கும் சிறு பணமும் தானியமும் குடும்பத்துக்குப் பெரிய பாரமாயின. பிள்ளைக்குக் கையில் கொஞ்சம் வலு வந்ததும், அவனுடைய உழைப்பு வீட்டுக்குத் தேவைப்பட்டது, பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். பாதியில் நின்ற பிள்ளை எழுத்தை முழுவதும் மறப்பதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அவர் எழுதவில்லை. அதிக காலம் ஆகாது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டிலேயே இருந்தார்கள். வசதியுள்ள வீட்டில் கைப்பேசியும் கதைப் புத்தகமும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப் பெரியவர்களும் இருந்தார்கள். இல்லாத வீட்டில், கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த குழந்தை கூட்டவும் மறந்தது. 2021-ல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாலை நேரத்தில், அந்தந்தத் தெருவிலேயே, வீட்டு வாசலிலும் கோயில் மண்டபத்திலும் இருபது பிள்ளைகளைப் போல உட்கார வைத்துக் கொண்டு, தினம் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் படிக்கவும் எழுதவும் பழக்குவது. ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டியது. சொல்லிக் கொடுக்க முன்வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் குடியிருந்த பெண்கள்.